பன்னிரண்டு பொட்டலம்

எங்கள் கடையில் ‘தெரியாது’ என்று சொல்வதற்கென்றே ஓர் ஆளை வைத்திருந்தோம் என்று என் தம்பி இப்போதும் கிண்டல் செய்வான். கிண்டல்தான், ஆனால் பொய்யில்லை. ஒரு நாளைக்கு இருபது தடவையாவது அந்த வார்த்தை அக்காவின் வாயிலிருந்து வரும். நமக்கெல்லாம் தெரியாது என்று சொல்ல நேர்ந்தால் குரல் கொஞ்சம் இறங்கிவிடும் இல்லையா? அக்காவுக்கு இறங்காது. மணி பத்தாகிவிட்டது என்று சொல்கிற அதே குரலில் சொல்லிவிட்டு அடுத்த சாக்குக்குப் போய்விடுவாள்.

மலையாள தேசத்தில், ஆரியசாலைக் கடைத்தெருவில் எங்களுடையது மலைச்சரக்கு மொத்தக் கடை. மிளகு, ஏலக்காய், கிராம்பு, பட்டை, ஜாதிக்காய், மஞ்சள் எல்லாம் உண்டு. அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து ஆரம்பித்தது. அக்கா என்பது கடையில் எல்லாரும் கூப்பிடுவது, அவளுக்குப் பாறசாலைப் பக்கம். சாக்கு தைக்கத்தான் வந்தாள். வந்த ஒரு மாதத்தில் அப்பாவிடம் போய், “மொதலாளி, அந்த மூணாவது சாக்கு மொளவு மழையில நனைஞ்சு ரெண்டாவது காய வச்சதாக்கும்” என்றிருக்கிறாள். அப்பா நம்பவில்லை. சாக்கின் அடிவரை கையை விட்டு எடுத்துப் பார்த்தால் பூசணம்! அன்றைக்கே அவள் கையிலிருந்த கோணி ஊசியை வாங்கி வைத்துவிட்டு, “இனிமே நீ தைக்க வேண்டாம்மா, மோந்து பாரு, போதும்” என்று சொல்லிவிட்டார். நான் அப்போதுதான் காலேஜ் முடித்துவிட்டுக் கடைக்கு வர ஆரம்பித்திருந்தேன். மூக்குக்கு ஒரு உத்தியோகமா என்று வாய்விட்டுச் சிரித்தேன்.

அந்த மூக்கை அவள் காப்பாற்றிய விதம் இருக்கிறதே, அதைச் சொல்லி முடியாது. வாசனை சோப்பு கிடையாது. பவுடர் கிடையாது, பூ கிடையாது. மீன் இல்லாமல் சோறு இறங்காத ஊர்க்காரி, ஆனால் மீனை வீட்டுக்குப் போன பிறகுதான் தொடுவாள். மத்தியானம் கடையில் வெறும் மோரும் சோறும். நாலைந்து சாக்கு மோந்ததும் தலையைக் குனிந்து தன் முழங்கை மடிப்புக்குள் முகத்தை வைத்து இரண்டு மூச்சு இழுப்பாள். “மூக்கைக் கழுவுகேன்” என்பாள். வெயில் படாத மூலையில் ஒரு காலி மரப்பெட்டி, அதுதான் ஆசனம். ஃபேன் போட்டால் திட்டுவாள். முதலாளி வீட்டுப் பையன் என்றெல்லாம் பார்க்கமாட்டாள்.

எங்களுக்கு மஞ்சள் கொண்டுவருகிற வியாபாரி ஒருவர், ஆள் நல்ல வாய்ச்சாலகர். ஒருமுறை புத்தம் புதுச் சாக்குகளில் மஞ்சள் கொண்டுவந்து இறக்கினார். விரல் விரலாக எடுத்துப் பார்த்தால் அப்படி ஒரு நிறம். அக்கா ஒரு துண்டை ஒடித்தாள், மோந்தாள், முழங்கையில் மூக்கைக் கழுவினாள், மறுபடி மோந்தாள்.

“இது நம்மகிட்ட வந்து போன சரக்காக்கும். ரெண்டு ஓணத்துக்கு முன்ன. சாக்கு மட்டும் புதுசு.”

வியாபாரி துள்ளிவிட்டார். “என்னம்மா பேசுதீங்க! போன மாசம் வேவிச்ச மஞ்சளு! என் பிள்ளைக மேல சத்தியம்!”

“பிள்ளைகளை விடுங்க, பாவம். அன்னைக்கு டீசல் கேன் ஏத்தின லாரியில வந்துது. அடியில டீசல் அடிச்சுதுன்னு திருப்பி விட்டோம். இப்பமும் அடிக்குது, பாருங்க.”

நானும் மோந்தேன். எனக்கு மஞ்சள் மட்டும்தான் அடித்தது. வியாபாரி முகத்தைத் துடைத்துக்கொண்டார், ஒரு டீ குடித்தார், சரக்கை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவர் வாதாடாமல் போனதிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மூச்சு இழுத்த வாசனையை எப்படி அக்கா ஞாபகம் வைத்திருக்க முடியும் என்று கேட்டேன். “ஆளு மொகம் எனக்கு நிக்காது மொதலாளி. நேத்து வந்தவனை இன்னைக்கு ஆருன்னு கேப்பேன். மணம் நிக்கும்” என்றாள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை, உடம்பு புல்லரித்தது.

இப்படிப்பட்ட ஆள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சாதகமாகச் சொன்னால் எவ்வளவு வியாபாரம் ஆகும்? சொல்லமாட்டாளே! அப்பாவுக்குப் பிறகு கடை என் கைக்கு வந்ததும் சில்லறைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பரீட்சைக் காலத்தில் விற்பதற்காக வல்லாரைப் பொடி பாக்கெட் போட்டிருந்தேன். அட்டையில் கண்ணாடி போட்ட ஒரு பிள்ளையின் படம், கீழே ‘ஞாபகசக்தி’ என்று கொட்டை எழுத்து. ஒரு மலையாளத்து அம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, இதைச் சாப்பிட்டால் மகனுக்கு ஞாபகம் கூடுமா என்று மூலையில் இருந்த அக்காவிடம் மலையாளத்தில் கேட்டாள்.

“சேச்சி, இது கழிச்சா மோனு ஓர்மை கூடுமோ?”

“தெரியாது பிள்ளே.”

அந்த அம்மா திகைத்துப்போனாள். அக்கா பொறுமையாகச் சொன்னாள்: “பொடி நல்ல பொடியாக்கும். மண்ணில்ல, வேற எல கலக்கல. அது எனக்குத் தெரியும். தலைக்குள்ள போய் என்ன செய்யும்னு நான் பாத்ததில்ல.”

பாக்கெட் திரும்ப அலமாரிக்குப் போயிற்று. எனக்கு வந்ததே கோபம்! “ஒரு ‘ஆமா’ சொன்னா வாயில முத்தா உதிர்ந்துரும்? ஊரெல்லாம் சொல்லுதுல்லா, வல்லாரை மூளைக்கு நல்லதுன்னு!”

“ஊரு சொல்லட்டு. நீங்களும் சொல்லுங்க மொதலாளி, உங்க வாயி. நான் பாக்காத்ததை நான் சொல்லமாட்டேன்.”

அந்த அம்மா மறுவாரமே வந்து ஏலக்காய் வாங்கினாள், அக்கா மோந்து கொடுத்தால்தான் வேண்டும் என்று. எனக்கு அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

என் எரிச்சலுக்கு இன்னொரு ஆள், டாக்டரம்மா. கரமனை அக்ரஹாரத்துப் பெண், மறதி நோய்க்கு வைத்தியம் பார்ப்பவர். மாதம் ஒருமுறை வந்து கிராம்பு ஒரு கைப்பிடி, பட்டை ஒரு துண்டு, ஏலக்காய் பத்து என்று வாங்கிப்போவார். சில்லறையிலும் கைப்பிடிக் கணக்கா என்று நான் முகத்தைச் சுளிப்பேன். அக்காதான் ஒருநாள் எதற்கு என்று கேட்டாள்.

“பேஷண்டுகளுக்கு மோந்து பாக்கத்தான். சின்னச் சின்ன பாட்டில்ல போட்டு, கண்ணை மூடிண்டு என்னன்னு சொல்லச் சொல்லுவோம். சில பேருக்கு ஞாபகம் போறதுக்கு ரொம்ப முன்னாடியே வாசனை போயிடும். வாசனை போன எல்லாருக்கும் மறதி வரும்னு இல்லே, சளியால போகும், வயசால போகும். ஆனா அது ஒரு அடையாளம்.”

அக்கா கிராம்பை உள்ளங்கையில் வைத்து மோந்தாள். பிறகு, “கிராம்பு, துளசி, சர்வசுகந்திக் காய், பட்டையோட எல. இது நாலுக்குள்ளயும் ஒரே சாமானாக்கும் கெடக்குது. ஒரு வீட்டுப் பிள்ளைகளாக்கும். அதனால மோந்து பாக்க வைக்கும்போ இதுல ஒண்ணுதான் வைக்கணும், ரெண்டு வச்சா நல்ல மூக்குள்ளவனுக்கும் தப்பும்” என்றாள்.

டாக்டரம்மா வாயைப் பிளந்துவிட்டார். “யூஜெனால்! நாலுலயும் இருக்கறது அதுதான். இதை நாங்க புஸ்தகத்துல படிக்கறோம். உங்களுக்கு யார் சொன்னா?”

“ஆரும் சொல்லல. மணம் சொல்லிச்சு.”

இதுதான் சமயமென்று நான் நடுவில் புகுந்தேன். “ஏன் டாக்டர், மஞ்சள் தின்னா மறதியே வராதாமே? போன்ல தினமும் ஒருத்தன் அனுப்புதான்.” டாக்டரம்மா ஆமாம் என்றால் அதையும் அட்டையில் அச்சடித்துவிடலாம் என்பது என் கணக்கு.

“மஞ்சள்ல கர்க்குமின்னு ஒண்ணு இருக்கு. கண்ணாடிக் குழாயில, எலியில எல்லாம் நன்னாத்தான் வேலை செய்யறது. மனுஷா உடம்புல லேசில சேரமாட்டேங்கறது. மிளகுல இருக்கற பைப்பரின் சேர்ந்தா இன்னும் கொஞ்சம் சேரும். சாப்பாட்டுல சேர்த்துக்கோங்கோ, நல்லதுதான். மறதியைத் தடுக்குமான்னு கேட்டா, தெரியாது.”

அக்கா பெட்டியில் ஓங்கித் தட்டினாள். “பாத்தியளா மொதலாளி! அவ்வளவு படிச்ச ஆளும் அதையேதான் சொல்லுது!” அன்று முழுக்க அவளுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு.

இதெல்லாம் கொரோனாவுக்கு முந்தின கதை. கொரோனா வந்தபோது ஆரியசாலையில் பாதிக் கடைக்காரர்களுக்கு மூக்கு போயிற்று. எனக்கே பதினைந்து நாள் பெருங்காயத்துக்கும் சுண்ணாம்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அக்காவுக்கும் வந்தது. இருபது நாள் கழித்து வந்து பெட்டியில் உட்கார்ந்தாள், மிளகை மோந்தாள், “வந்துட்டு” என்றாள். நான் கடையில் எல்லாருக்கும் பாயசம் வாங்கிக் கொடுத்தேன்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் காலையில், வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே கடைக்குப் போனேன். அக்கா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர். அதில் கிராம்பு.

பார்க்கிறவர்களுக்கு இதில் ஒன்றுமில்லை. எண்ணெய் எடுத்த சக்கைக் கிராம்பைக் கண்டுபிடிக்க வியாபாரிகள் செய்கிற சோதனைதான் அது. நல்ல கிராம்பு தண்ணீரில் முங்கும், அல்லது தலை மேலே இருக்க நிமிர்ந்து நிற்கும். சக்கை படுத்து மிதக்கும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவனும் செய்வான். நான் செய்வேன். ஆனால் அக்கா இத்தனை வருஷத்தில் ஒருநாளும் செய்ததில்லை. நான் டம்ளரைத் தூக்கினாலே, “மூக்கில்லாத்தவன் செய்யுக வேலை” என்று பரிகாசம் செய்கிறவள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் பக்கத்தில் போனேன்.

திரும்பிப் பார்த்தாள். டம்ளரை மறைக்கவில்லை.

“எப்பயிருந்துக்கா?”

“ஓணம் கழிஞ்சதுல இருந்து. கிராம்பு முதல்ல கொறஞ்சுது. பின்ன ஏலம்.”

“கொரோனா மூக்குக்கா. எனக்கும் அப்பப்ப போகும். சரியாயிரும்.”

“தெரியாது” என்றாள் அக்கா. “டாக்டரம்மா அன்னைக்குச் சொன்னது ஓர்ம இருக்கா?”

“சேச்சே! அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

“சம்பந்தம் இல்லேன்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

எனக்கு எப்படித் தெரியும்! அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. நேமத்தில் தங்கச்சி மகளோடு குடியிருந்தாள். அந்தப் பெண்ணை விட்டால் அவளுக்கு இருந்தது இந்தக் கடையும் அந்த மூக்கும்தான்.

மறுநாள் காலையில் வந்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பெட்டிமேல் கொட்டினாள். பழைய காலண்டர் தாளில் மடித்த பொட்டலங்கள், எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் ஊசியால் நாலைந்து துளை.

“பிள்ளைகிட்ட மடிக்கச் சொன்னேன். எதுல எது உண்டுன்னு உள்ள எழுதியும் வச்சிருக்கா. நான் பிரிக்காம மோந்து சொல்லுகேன். நீங்க பிரிச்சுப் பாத்து சரியா தப்பான்னு சொல்லணும், நோட்டுல எழுதிக்கிடணும். நித்தம் காலையில. எண்ணிக்கை நின்ன எடத்துல நின்னா வயசாக்கும், போட்டும். கொறஞ்சுகிட்டே வந்தா டாக்டரம்மாகிட்ட போவணும்.”

சாக்குக்குச் செய்வதை அவள் தனக்கே செய்துகொள்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கண்ணை மூடிக்கொண்டாள். ஒவ்வொரு பொட்டலமாக மோந்து பெயர் சொன்னாள். நான் பிரித்துப் பார்த்துச் சொன்னதும், சரியானாலும் தப்பானாலும் ஒரே குரலில், “எழுதிக்கிடுங்க. அடுத்தது” என்று கையை நீட்டுவாள். முதல் நாள் பன்னிரண்டில் ஒன்பது. அந்த வாரம் முழுக்க ஒன்பதும் எட்டுமாக இருந்தது.

எட்டாவது நாள் ஏலக்காயை மோந்துவிட்டுப் பெருஞ்சீரகம் என்றாள்.

ஏலக்காயை! எட்டு மலையில் எந்த மலை ஏலம் என்று சொன்னவள். மூடின கண்ணோடு என் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்த அந்த முகத்தைப் பார்த்தேன். “சரிக்கா” என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா! வியாபாரி நாக்கு, பழகின நாக்கு. அதற்கப்புறம் என்ன, முதல் பொய்தான் கஷ்டம் என்பார்கள், எனக்கு அதுவும் கஷ்டமாயில்லை. நோட்டில் ஒன்பது, ஒன்பது, எட்டு, ஒன்பது என்று எழுதிக்கொண்டே வந்தேன். அக்கா தினமும் அதை வாங்கிப் பார்ப்பாள். “நின்ன எடத்துலதான் நிக்குது” என்பாள். அந்த நிம்மதியைப் பார்த்து, அவளுக்கு நான் பலம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். சரக்கு விஷயத்தில் தப்பு வராமலிருக்க அவள் வீட்டுக்குப் போன பிறகு நானே டம்ளர் வைத்துப் பார்த்துக்கொண்டேன். இப்படி நாலு மாதம்.

ஒருநாள் ஏழாவது பொட்டலம். வெகுநேரம் மோந்தாள்.

“ஜாதிபத்திரி.”

“சரிக்கா.”

“பிரிச்சுப் பாத்தியளா?”

“பாத்தேன்.” நான் பார்க்கவில்லை. கொஞ்ச நாளாகவே பிரிப்பதை விட்டுவிட்டிருந்தேன். எப்படியும் சரி என்றுதானே சொல்லப்போகிறேன்!

அக்கா கண்ணைத் திறந்தாள். என் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கித் தன் மடியில் வைத்துப் பிரித்தாள். உள்ளே மரத்தூள்.

“இது நான் மடிச்சது, பிள்ளை மடிச்சதில்ல” என்றாள். “ஓரத்துல அடையாளம் வச்சிருந்தேன். வேணும்னே ஜாதிபத்திரின்னு சொன்னேன்.”

தெருவில் லோடு ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“நாலு மாசம் மொதலாளி. நடுவுல மழை வந்துது, வெயிலு வந்துது. எனக்கு ஒரு வாரம் சளி. அந்த வாரமும் ஒம்பது! எந்தச் சரக்கு அப்பிடி நிக்கும்? கலப்படச் சரக்குதான் அப்பிடி நிக்கும்.”

“மனசு கேக்கலக்கா. உங்க மொகத்தைப் பாத்துச் சொல்ல முடியல.”

அக்கா என்னைத் திட்டி நான் எவ்வளவோ கேட்டிருக்கிறேன். அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். சத்தமில்லை, குரலும் மாறவில்லை, கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. “என் மூக்கு போனா ஒரு மூக்கு போச்சு. நாளைக்கு ஓர்மையும் போவும்னா, நான் ஆரு, என்ன சொல்லுகேன், சரியா தப்பான்னு எனக்கே தெரியாது. அப்பம் எனக்கு உங்க நாக்கு வேணும்னுதானே உங்ககிட்ட வந்தேன்? அதுவும் பொய் சொன்னா நான் எதைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன்?”

அவள் காலைத் தொட்டேன். ஆரியசாலையில் வேலைக்காரி காலைத் தொட்ட முதலாளி நானாகத்தான் இருப்பேன். எதிர்க்கடைக்காரர்கள் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும். அக்கா காலை இழுத்துக்கொண்டாள். “நாடகம் செய்யாண்டாம். நாளைக்கு ஒழுங்கா எழுதுவோம்.”

மறுநாள் ஒழுங்காக எழுதினோம். ஒவ்வொன்றையும் பிரித்தேன், உள்ளே இருந்த சீட்டைப் படித்தேன். தப்புக்கா. எழுதிக்கிடுங்க, அடுத்தது. தப்புக்கா. எழுதிக்கிடுங்க, அடுத்தது. அப்படி எட்டு முறை. என் குரல்தான் உடைந்தது, அவளுக்கு உடையவில்லை. பன்னிரண்டில் நாலு.

அன்றைக்கே டாக்டரம்மாவிடம் போனோம். அக்கா நோட்டை மேஜைமேல் வைத்துச் சொன்னாள்: “முதல் ஏழு நாளும் கடைசி நாளும் எடுத்துக்கிடுங்க. நடுவுல உள்ளது கலப்படம், கணக்கில்ல.” டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தன் நோயைத் தானே கண்டுபிடித்து, எழுதியும் கொண்டுவருகிற நோயாளியைத் தான் பார்த்ததேயில்லை என்றார். அதற்கப்புறம் ஸ்கேன், ரத்தம், கேள்விகள், பல வாரம் ஆயிற்று. கடைசியில் மறதி நோய்தான் என்று உறுதியானது. ஆரம்ப நிலை.

அக்கா வெளியே உட்கார்ந்திருந்தபோது டாக்டரம்மாவிடம் தனியாகக் கேட்டேன். “நாலு மாசம் முன்னாடியே வந்திருந்தா ஏதாவது...” ஒன்றும் மாறியிருக்காது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடமாட்டாரா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். “தெரியாது சார்” என்றார். அந்த வார்த்தையை இன்னும் சுமந்துகொண்டுதான் இருக்கிறேன்.

ஊருக்கு ஒரே ஆச்சரியம். இத்தனை வருஷம் மஞ்சளுக்குள்ளும் மிளகுக்குள்ளும் கிடந்த பெண்ணுக்கா மறதி, அப்புறம் எதற்கு நாம் பாலில் மஞ்சள் போட்டுக் குடிக்கிறோம் என்று எதிர்க்கடைக்காரர் அவளிடமே கேட்டுவிட்டார். எனக்கு அவரை அடிக்கலாம் போலிருந்தது. அக்கா அந்தக் கேள்வியையும் ஒரு சாக்கைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். “இதுக்குள்ள கெடக்கலேன்னா பத்து வருஷம் முன்னமே வந்திருக்குமோ என்னவோ. ரெண்டு நானா இருந்தா, ஒருத்தியை இங்கேயும் ஒருத்தியை ஜவுளிக்கடையிலயும் இருத்திப் பாக்கலாம். ஒருத்திதானே இருக்கேன்? தெரியாது.” பிறகு இதை டாக்டரம்மாவிடம் சொன்னபோது, தங்கள் ஆராய்ச்சியின் கஷ்டம் மொத்தமும் இதுதான் என்றார்.

அந்த மாதமே வேலையை விட்டுவிட்டாள். சும்மாவாவது வந்து உட்காருங்கள் என்று கெஞ்சினேன். “நான் இருக்கேன்னு நம்பி ஆளு வாங்கிட்டுப் போவும். அது பொய்யாக்கும்” என்று கிளம்பிவிட்டாள். வல்லாரைப் பொடி இப்போதும் விற்கிறேன். கண்ணாடி போட்ட பிள்ளையின் படமும் கொட்டை எழுத்தும் இல்லை. மூளைக்கு நல்லதா என்று யாராவது கேட்டால் தெரியாது என்கிறேன். குரல் இறங்கத்தான் செய்கிறது, அக்காவைப் போல வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நேமத்துக்குப் போவேன். முதலில் கிராம்பு, ஏலம் என்று பெயர்கள் போயின. பிறகு கடை இருந்த தெரு போயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை போனபோது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், நன்றாக எண்ணெய் தேய்த்து வாரிவிட்ட தலை. வாசனை எண்ணெய்.

“பெரியம்மா, ஆரு வந்திருக்குன்னு தெரியுதா?” என்றாள் தங்கச்சி மகள்.

அக்கா என்னை வெகுநேரம் பார்த்தாள். மூக்கு லேசாக விரிந்தது, பழைய பழக்கம். பிறகு சொன்னாள்.

“வேதக்கோயில் சபையில பாட்டு படிக்கிய ஆளு. சரியா?”

அவளுக்குப் பின்னால் நின்ற பெண் எனக்குக் கண்ணைக் காட்டினாள், ஆமாம் என்று சொல்லச் சொல்லி. அவள் மேல் தப்பில்லை. நாள் முழுக்கத் தப்பு தப்பு என்று சொல்லிக்கொண்டிருக்க யாருக்கு மனசு வரும்? எனக்கும் ‘சரிக்கா’ நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தப்புக்கா” என்றேன்.

அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்காவின் முகத்தில் வருத்தம் ஒன்றும் இல்லை. எத்தனையோ காலம் கழித்து ஏதோ ஒன்று கைக்குப் பிடி கிடைத்தது மாதிரி, நிமிர்ந்து உட்கார்ந்து தலையை ஆட்டினாள்.

“எழுதிக்கிடுங்க.”

நோட்டு இல்லை. சட்டைப்பையில் ஒரு சாம்பிள் கவர் கிடந்தது. அதன் பின்பக்கத்தில் எழுதினேன். எழுதி முடிக்கும்வரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு என் பக்கம் கையை நீட்டினாள்.

“அடுத்தது” என்றாள்.